அவார்டு கையில், பணம் கோர்ட்டில்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் கட்டட ஒப்பந்தத் தகராறுகளை நடுவர் மன்றத்துக்கு, அதாவது ஆர்பிட்ரேஷனுக்கு, கொண்டுபோவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அடுத்த கட்டத்தைப் பற்றித்தான்: நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகு ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போகிறதே, அங்கே என்ன நடக்கிறது? சட்டப் புத்தகத்தில் அது ‘நடுவர் தீர்ப்பு’, சைட்டில் எல்லோரும் சொல்வது ‘அவார்டு’. நானும் அவார்டு என்றே எழுதுகிறேன். எழுதியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள், இன்னும் பில் பாக்கி இருக்கிற இடத்தில் பெயர் வந்தால் வம்பு என்று. நியாயம்தான், ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஐயா, நான் சேலத்தில் 20 வருடமாக அரசு வேலைகள் எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர். ஒரு விடுதிக் கட்டட வேலையில் ஆர்பிட்ரேஷன் போய் 1 கோடியே 40 லட்சத்துக்கு அவார்டு வாங்கினேன். துறை கோர்ட்டில் 34 போட்டுவிட்டது. ‘அவ்வளவுதான், கேஸ் முடியும்வரை ஒரு ரூபாய் வராது, போட்டாலே ஸ்டே மாதிரி’ என்று எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

அந்தப் பெரியவர் சொல்வது பொய்யில்லை, பழசு. 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டம் வந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. அவார்டை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு 34. அந்தப் பிரிவில் ஒரு மனு தாக்கலானாலே போதும், அவார்டு தானாக முடங்கிவிடும். தடை கேட்கவும் வேண்டாம், ஒரு பைசா கட்டவும் வேண்டாம். தோற்றவருக்கு இதைவிட வசதி என்ன இருக்கிறது? மனுவுக்குக் கோர்ட்டில் வழக்கு எண் வாங்கிவிட்டு ஆறு வருடம் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கலாம். ஜெயித்த ஒப்பந்ததாரரோ அந்த ஆறு வருடமும் கம்பி வியாபாரிக்கும் வங்கிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

2015 அக்டோபர் 23 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. இப்போது 34 மனு போட்டால் அது வெறும் மனு. அவார்டை நிறுத்த வேண்டுமென்றால் 36ஆவது பிரிவின் கீழ் தனியாகத் தடை மனு போட வேண்டும். கோர்ட்டும் காரணத்தை எழுதித்தான், நிபந்தனையோடுதான் (அவார்டு தொகையை டெபாசிட் கட்டு என்பது மாதிரி) தடை தரும். நடுவில் ஒரு குளறுபடியும் நடந்தது. 2015க்கு முன்னால் தொடங்கிய வழக்குகளுக்குப் பழைய தானியங்கித் தடையே தொடரும் என்கிற மாதிரி 2019இல் 87ஆவது பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி வழக்குப் போட, அதே வருடம் நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துத் தள்ளியது. வழக்கை நடத்தியது ஒரு கட்டுமான நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். அவார்டு வாங்கியும் பணம் வராமல் தவிப்பதில் கட்டுமானத் தொழில் எப்போதும் முதல் வரிசை.

‘எதிர்த்தரப்பு அரசு, அரசிடம் டெபாசிட் கட்டச் சொல்ல மாட்டார்கள்’ என்று அடுத்ததாக யாராவது சொல்லுவார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. மேற்கு வங்க அரசுக்கு எதிராகப் பாம் டெவலப்மென்ட்ஸ் என்ற நிறுவனம் நடத்திய வழக்கில் 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இந்தச் சட்டத்தின் கீழ் தடை கேட்டு வரும்போது அரசுக்கென்று தனிச் சலுகை கிடையாது. பணத்துக்கான தீர்ப்பில் சாதாரண ஆளுக்கு என்ன நிபந்தனையோ அதேதான்.

நடைமுறையில் கோர்ட் பாதித் தொகையைக் கட்டச் சொல்லலாம், முக்கால் பங்கு சொல்லலாம், வட்டியோடு முழுசாகவும் சொல்லலாம். எவ்வளவு என்பது நீதிபதியின் கையில். கட்டிய பணத்தை வங்கி உத்தரவாதம் கொடுத்து நீங்கள் எடுத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம். அந்தப் பேங்க் கேரண்டிக்கு வங்கி கேட்கும் மார்ஜின் பணமும் கமிஷனும் தனிச் செலவு, அதையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரே விதிவிலக்கு: ஒப்பந்தமோ அவார்டோ மோசடியாலோ ஊழலாலோ வந்தது என்று மேலோட்டமாகவே தெரிந்தால் கோர்ட் நிபந்தனையின்றித் தடை தர வேண்டும் என்று 2021இல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதனாலோ என்னவோ, சமீப காலமாக மனுக்களில் ‘மோசடி’ என்ற வார்த்தை கொஞ்சம் தாராளமாகப் புழங்குவதைப் பார்க்கிறேன்.

ஆகவே நீங்கள் இன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: துறை தடை மனு போட்டிருக்கிறதா, அதில் உத்தரவு வந்திருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நிறைவேற்று மனு போடுங்கள். அவார்டை ஒரு கோர்ட் டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். எதிராளியின் சொத்தோ கணக்கோ எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டிலேயே நேரடியாகப் போடலாம், வேறொரு கோர்ட்டிலிருந்து மாற்றி வாங்கி வர வேண்டியதில்லை. சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் 2018இல் தீர்ந்த விஷயம் இது. நிறைவேற்று மனு எண்ணாகி நோட்டீஸ் போன பிறகுதான் பல அலுவலகங்களில் உங்கள் ஃபைல் மேஜைக்கு மேலே வரும்.

திருச்சியிலிருந்து ஒரு பொறியாளர்: ‘அவார்டு நகல் எங்கள் அலுவலக இன்வேர்டில் ஒரு தேதியில் பதிவாகியிருக்கிறது, என் மேஜைக்கு வந்தது பத்து நாள் கழித்து. 34 போட 90 நாள் கெடு என்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?’

முதலில் அந்த 90 நாள் என்பதை மறந்துவிடுங்கள். சட்டத்தில் இருப்பது மூன்று மாதம். மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு. அதற்கு மேல், தக்க காரணம் காட்டினால் 30 நாள், அங்கே மட்டும்தான் நாள் கணக்கு. அதற்கப்புறம் கதவு சாத்தியாயிற்று. ‘அதற்குப் பிறகு இல்லை’ என்று சட்டமே சொல்வதால், காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவைக் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க முடியாது என்று 2001இலேயே பாப்புலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

எந்தத் தேதி என்ற உங்கள் கேள்விக்கு உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய வழக்கே பதில். டெக்கோ திருச்சி என்ஜினியர்ஸ் என்ற ஒப்பந்ததாரருக்கும் தென்னக ரயில்வேக்கும் நடந்தது, 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவார்டு நகல் முதலில் பொது மேலாளர் அலுவலகத்தின் தபால் பிரிவுக்குப் போயிருக்கிறது. அந்த வேலைக்குப் பொறுப்பான தலைமைப் பொறியாளர் கைக்கு அது பிறகுதான் வந்தது. எது ‘பெற்ற நாள்’? ரயில்வே மாதிரிப் பெரிய அமைப்பில் தபால் குமாஸ்தா முத்திரை குத்தியதெல்லாம் பெற்றதாகாது, வழக்கை அறிந்து அதை நடத்திய, 34 மனு போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூடிய அதிகாரி பெறுவதுதான் பெறுவது என்றது கோர்ட்.

இதே மாதிரி ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஒரு வழக்கு எனக்குப் பிடித்தமானது. நிர்வாகப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு சனிக்கிழமை, விடுமுறை நாளில் அவார்டு வந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பெல்தாரை (கடைநிலைப் பணியாளரை)த் தவிர யாரும் இல்லை. அவர் வாங்கி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்த நாள்தான் பெற்ற நாள் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றல்ல என்று விளக்கியதும் அதே வழக்கில்தான். அந்த இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில்தான் அரசின் மனு பிழைத்தது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். டெக்கோ திருச்சி தீர்ப்பு பெரிய அரசு அமைப்புகளை மனதில் வைத்துச் சொன்னது. பத்து பேர் வேலை பார்க்கும் தனியார் கம்பெனி போய், ‘எங்கள் எம்.டி. ஊரில் இல்லை’ என்றால் கோர்ட் சிரிக்கும். நீங்களும் இன்வேர்டு முத்திரைத் தேதியிலிருந்தே எண்ணி அதற்குள் போட்டுவிடுங்கள், பத்து நாளை வாதத்துக்காகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கோடை விடுமுறை. மூன்று மாதக் கெடு கோர்ட் விடுமுறையில் முடிந்தால், திறக்கும் நாளில் போடலாம். ஆனால் மூன்று மாதம் வேலை நாளிலேயே முடிந்து, அந்தக் கூடுதல் 30 நாள் விடுமுறைக்குள் முடிந்தால் அந்தச் சலுகை கிடையாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதிகளே சட்டம் இப்படிக் கறாராக இருப்பது சரியா என்று யோசித்திருக்கிறார்கள், ஆனால் மனுவைக் காப்பாற்றவில்லை. ஏப்ரல் கடைசியில் மூன்று மாதம் முடிகிறவர்கள் மே மாதத்தை நம்ப வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு சப்–கான்ட்ராக்டர்: ‘சாலை வேலையில் நிலம் ஒப்படைக்காமல் ஏழு மாதம் என் இரண்டு பொக்லைனும் ஒரு ரோலரும் சும்மா நின்றன. 38 லட்சம் கேட்டேன். நடுவர் 6 லட்சம்தான் கொடுத்தார். லாக் புக்கை அவர் சரியாகவே படிக்கவில்லை. கோர்ட்டில் மறுபடி காட்டினால் பார்க்க மாட்டார்களா?’

மாட்டார்கள். இப்படிப் பட்டென்று சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்குக் கோர்ட் கட்டணமும் வக்கீல் ஃபீஸும் மிச்சம்.

34ஆவது பிரிவு அப்பீல் இல்லை. அப்பீலில் மேல் கோர்ட் சாட்சியத்தை மறுபடி எடைபோடும். இங்கே எடைபோடுவது நடுவரின் வேலை, அது முடிந்துவிட்டது. கோர்ட் பார்ப்பது வேறு: உங்களுக்கு வாதாட வாய்ப்புக் கொடுத்தாரா, அவர் முன் வைக்காத விஷயத்தைத் தீர்த்தாரா, நியமனம் சரியா, அவார்டு நாட்டின் பொதுக் கொள்கைக்கு விரோதமா, அவார்டின் முகத்திலேயே தெரிகிற சட்டப் பிழை இருக்கிறதா. அந்தக் கடைசிக் காரணத்துக்கும் சட்டத்திலேயே கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார் என்பதற்காகவோ சாட்சியத்தை மறுபடி அலசியோ ரத்து செய்யக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு நடுவர் முன் இருந்த ஆவணங்களை வைத்தே உங்கள் தரப்பை நிரூபிக்க வேண்டும். புதிதாக லாக் புக் பக்கம் ஒன்றைக் கொண்டுபோய் நீட்ட முடியாது.

இந்த விஷயத்தில் ஒரு கட்டட வழக்குதான் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக் காட்டுவது. டெல்லி திரிலோக்புரியில் டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்காக 168 நடுத்தர வருவாய் வீடுகளும் 56 குறைந்த வருவாய் வீடுகளும் கட்ட அசோசியேட் பில்டர்ஸ் ஒப்பந்தம் எடுத்தது. 9 மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை, 34 மாதம் இழுத்தது. தாமதம் ஆணையத்தால்தான் என்று நடுவர் முடிவு செய்து இழப்பீடு கொடுத்தார். டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு கணக்கையெல்லாம் மறுபடி பிரித்துப் போட்டுச் சிலவற்றை வெட்டியது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, நடுவர் சொன்னதையே நிலைநிறுத்தியது. சாட்சியத்தின் தரம், அளவு இரண்டுக்கும் நடுவர்தான் கடைசி எஜமான். ஒரு வக்கீல் கண்ணுக்குச் சாட்சியம் மெலிதாகத் தெரிந்தாலும் அதற்காக அவார்டு செல்லாமல் போகாது என்பது அதன் சாரம். அங்கே ஒப்பந்ததாரருக்குச் சாதகமாக வேலை செய்த அதே விதிதான் இங்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ‘6 லட்சம் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிஜமானால் விஷயமே வேறு. அவார்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது 31ஆவது பிரிவு, வேண்டாம் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. சும்மா நின்ற இயந்திரங்களைப் பற்றியே ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போயிருக்கிறது, டைனா டெக்னாலஜிஸுக்கும் கிராம்ப்டன் கிரீவ்ஸுக்கும். மீன் வளர்ப்புப் பண்ணைக்குக் குளம், கால்வாய் வெட்டும் வேலை, பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இயந்திரங்கள் வீணாக நின்றதற்கு நடுவர் 27 லட்சத்துச் சொச்சம் கொடுத்தார். ஆனால் வாதம், உண்மை, காரணம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்த அவார்டு. உயர் நீதிமன்ற அமர்வு ரத்து செய்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அவார்டு குழப்பமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் தகராறு தொடங்கி 25 வருடமாகிவிட்டது, திருப்பி அனுப்பினால் இன்னும் எத்தனை வருடமோ என்று யோசித்து, மொத்தமாக 30 லட்சம் கொடுத்துக் கணக்கை முடிக்கச் சொன்னது. 1990களில் நின்ற இயந்திரத்துக்கு 2019இல் 30 லட்சம்! ஜெயிப்பதா தோற்பதா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

காரணம் மட்டும் விடுபட்டிருந்தால், 34(4)இன் கீழ் நடுவரிடமே திருப்பி அனுப்பிச் சரிசெய்யச் சொல்லும்படி கோர்ட்டைக் கேட்கலாம். அதை ரத்து உத்தரவு வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். முடிவே எடுக்காத விஷயத்தில் புதிதாக முடிவெடுக்கச் சொல்வதற்கு அந்த வழி உதவாது.

அடுத்த வேலைக்காக ஒரு வார்த்தை. போன வருடம் ஒருவர் மஞ்சள் துணிப்பையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். அவர் சைட் வாட்ச்மேன் எழுதியவை. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ‘காலை 9 வண்டி வந்தது, இடம் காட்டவில்லை, சாயந்தரம் 5 வண்டி நின்றது, டீசல் 0’ என்று ஒவ்வொரு நாளும். ஓரத்தில் சைட் ஜே.இ.யின் (இளநிலைப் பொறியாளரின்) சுருக்கக் கையெழுத்து, பச்சை மையில். அந்தச் சுருக்கக் கையெழுத்துதான் கேஸ். வேலை எதனால் தடைப்பட்டது என்று எழுதத் துறை வைத்திருக்க வேண்டிய பதிவேட்டில் பாதி நாட்கள் ஏறவே இல்லை. நடுவர் அந்த நோட்டை நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்த்துத் தொகை போட்டார். எதிர்த்தரப்பு 34இல் வந்து ‘வாட்ச்மேன் நோட்டெல்லாம் சாட்சியமா’ என்றது. அது நடுவர் முன் வைத்த ஆவணம், அவர் நம்பினார், அவ்வளவுதான் என்று பத்து நிமிடத்தில் முடிந்தது.

லாப இழப்புக் கேட்பவர்களுக்கும் இதே கதைதான். ஹட்சன் ஃபார்முலா என்று ஒன்றைப் போட்டுப் பெருக்கித் தொகை சொன்னால் போதாது. யூனிப்ரோஸ் வழக்கில் 2023இல், அந்தக் காலத்தில் வேறு வேலை கையில் வந்ததா, தாமதத்தால் அது நழுவியதா என்பதற்குச் சாட்சியம் இல்லாமல் ஃபார்முலாவை மட்டும் நம்பிக் கொடுத்த தொகை நிற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் ஒப்பந்தத்தையே மீறி நடுவர் எழுதினாலும் கோர்ட் தொடாதா? (ஓசூர்)

தொடும். மத்தியப் பிரதேசத்தில் நான்குவழிச் சாலை போட்ட சாங்யாங் என்ற கொரிய நிறுவனத்துக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் நடந்த வழக்கைப் பாருங்கள். சிமென்ட், இரும்பு விலை ஏற இறங்க, மொத்த விலைக் குறியீட்டை வைத்துப் பில்லில் சரிசெய்வது ஒப்பந்தம். நடுவில் அரசு குறியீட்டின் அடிப்படை ஆண்டை 1993–94இலிருந்து 2004–05க்கு மாற்றியது. பழைய குறியீட்டைப் புதியதோடு இணைக்க ஆணையம் தானாகவே ஒரு சுற்றறிக்கை விட்டது. நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அந்தச் சுற்றறிக்கையையே பொருத்தித் தீர்த்தார்கள், அதுவும் தங்கள் முன் வைக்கப்படாத வழிகாட்டுதல்களைத் தாங்களாகத் தேடி எடுத்து. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பெரும்பான்மை அவார்டை ரத்து செய்தது. ஒரு தரப்பு தானாக எழுதிய விதியை மற்றவர் தலையில் கட்டுவது, அவர்கள் போடாத ஒப்பந்தத்தைப் போடவைப்பது என்பது காரணம். அதோடு விடாமல் மூன்றாவது நடுவரின் சிறுபான்மை அவார்டையே அமலாக்கச் சொன்னது. இது அரிதிலும் அரிது. உச்ச நீதிமன்றத்துக்குள்ள தனி அதிகாரத்தில் செய்தது, கீழ் கோர்ட்டில் போய் அதையே கேட்காதீர்கள்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: ‘எங்கள் அடுக்குமாடி வீட்டு ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் பில்டர் நியமிப்பவரே நடுவர் என்று இருந்தது. அவரே நியமித்தார், நாங்களும் போய் வாதாடினோம், தோற்றோம். இனி நியமனம் தப்பு என்று சொல்ல முடியுமா? அன்றைக்கே சொல்லாமல் விட்டுவிட்டோமே.’

சொல்லலாம் அம்மா, அழுத்தமாகவே சொல்லலாம். தகராறின் முடிவில் லாப நட்டம் உள்ள ஒருவர் தானாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் கட்டட வழக்குதான், குண்டூர் எய்ம்ஸ் மருத்துவமனையின் வடிவமைப்புப் பணி. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலைப்பட்ச நியமனத்துக்கு எதிராகவே சொல்லியிருக்கிறது.

‘போய் வாதாடிவிட்டோம்’ என்பது உங்களைக் கட்டாது. தகுதியில்லாத நடுவரை ஏற்கிறோம் என்று தகராறு எழுந்த பிறகு எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால்தான் அந்த உரிமை போகும். நடுவர் முதல் அமர்வில் ‘இருவருக்கும் ஆட்சேபம் இல்லை’ என்று அமர்வுக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பார், அந்தத் தாளை முதலில் எடுத்துப் பாருங்கள். பில்டர் தரப்பு அதைத்தான் தூக்கிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்கு இப்போது பயன் குறைவு என்றாலும் மற்றவர்களுக்காக. வீடு வாங்குபவர் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அந்த ஷரத்து தடையாகாது. 2018இல் எமார் வழக்கில் முடிவான விஷயம். பில்டரின் நோட்டீஸைப் பார்த்ததும் ‘ஆர்பிட்ரேஷன்தான் வழி’ என்று நினைத்துப் போய் உட்காருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவார்டு தொகையைக் கோர்ட் குறைத்துத் தருமா? முழுசாக ரத்தாக வேண்டாம், வட்டி மட்டும் அநியாயமாக இருக்கிறது. (திண்டுக்கல்)

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2021இல் ஹக்கீம் வழக்கில், அது தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்த விவகாரம், அவார்டை வைத்துக்கொள் அல்லது ரத்து செய், திருத்த அதிகாரம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காயத்ரி பாலசாமி வழக்கில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், குறைந்த அளவு திருத்த அதிகாரம் உண்டு என்றது. அதுவும் சென்னையிலிருந்து போன வழக்கே. நல்ல பகுதியையும் கெட்ட பகுதியையும் பிரிக்க முடிந்தால் கெட்டதை நீக்கலாம், எழுத்துப்பிழை கணக்குப்பிழை திருத்தலாம், அவார்டுக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழலில் மாற்றலாம். உங்கள் வட்டி அவார்டுக்குப் பிந்தையது என்றால் கேட்டுப் பார்க்கலாம். முந்தைய வட்டி என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள். அவார்டு எதுவும் சொல்லாமல் விட்டால், அன்றைய நடப்பு வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாக ஓடும் என்பது சட்டம், முன்பு 18 சதவீதமாக இருந்தது. தோற்ற பக்கம் வருடக்கணக்கில் இழுக்கும்போது இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை கோர்ட், எத்தனை வருடம்? ஒரே வரியில் சொல்லுங்கள். (சென்னை)

ஒரே வரியில் முடியாது. 34 மனுவை ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் முடிக்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. அப்புறம் 37ஆவது பிரிவில் மேல்முறையீடு, அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. அங்கேயும் முடியாத கதை டெல்லி விமான நிலைய மெட்ரோ. புது டெல்லியிலிருந்து விமான நிலையம் போகும் தடத்தை நடத்த எடுத்த தனியார் நிறுவனம், பாலத்தில் குறைபாடு என்று 2012இல் ஒப்பந்தத்தை முறித்தது. 2017இல் அவார்டு, 2,782 கோடி. 2018இல் உயர் நீதிமன்ற ஒற்றை நீதிபதி அதை ஏற்றார், 2019இல் இரு நீதிபதி அமர்வு ரத்து செய்தது, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது, மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி. முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது 2024 ஏப்ரலில் சீராய்வின் கடைசிப் படியான க்யூரேட்டிவ் மனுவில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பை மாற்றி அவார்டை ரத்து செய்தது. அதற்குள் வட்டியோடு தொகை 8,000 கோடியைத் தொட்டிருந்தது. பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழை நடுவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஒரு காரணம்.

என் கருத்தைக் கேட்டால், முடிவு சரியாகவே இருக்கலாம், ஆனால் இறுதித் தீர்ப்பு வந்து இரண்டரை வருடம் கழித்து அதைத் திறந்தது தொழிலில் இருப்பவர்களுக்கு நல்ல சேதி இல்லை. 37இல் தோற்று இனிச் செலவு தாங்காது என்று வருகிறவர்களிடம் ‘இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது’ என்று சொல்லிப் பணம் வாங்குவதற்கு இது ஒரு வாசகமாகிவிட்டது. க்யூரேட்டிவ் மனுவில் ஜெயிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அவார்டு ரத்தாகிவிட்டால் எங்கள் கிளெய்மே போச்சா? (நாகர்கோவில்)

இல்லை. ரத்தானது அவார்டு, உங்கள் உரிமை இல்லை. மறுபடி நடுவர் மன்றம் போகலாம். முதல் நடவடிக்கை தொடங்கியதிலிருந்து ரத்து உத்தரவு வரை ஓடிய காலத்தை காலவரையறையில் கழித்துவிடுவார்கள், 43(4). ஆனால் ரத்தான தேதியிலிருந்து மிச்சமிருக்கிற நாட்களை உடனே எண்ணிவிடுங்கள். முதல் முறையே கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கியிருந்தால் இப்போதும் உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு மாதம்தான்.

புதிய டெண்டர்களில் ஆர்பிட்ரேஷன் ஷரத்தே காணோமே, அச்சுப்பிழையா? (விழுப்புரம்)

பிழையில்லை. 2024 ஜூன் 3 அன்று மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மத்திய அரசு, அதன் பொதுத்துறை நிறுவனங்களின் உள்நாட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் 10 கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு ஆர்பிட்ரேஷன் ஷரத்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று ஆகியிருக்கிறது. பேச்சுவார்த்தை, சமரசம், இல்லாவிட்டால் கோர்ட். எனவே ஷரத்து இல்லாத டெண்டரில் ரேட் போடும்போது, பில் பாக்கி நின்றால் சிவில் வழக்குதான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ரேட் போடுங்கள்.